நான்-டாக்ஸிக் (நச்சில்லாதது) என்று போட்டிருந்தால் முகத்தில் பூசலாமா?

மறுபடியும் அதே கதை. நாடகத்துக்கு முந்தைய நாள், கடைசி ஒத்திகை. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், வனதேவதை வேடம் போடும் பத்தாம் வகுப்பு மாணவி முகம் முழுக்கப் பச்சையாக நிற்கிறாள். நிறம் என்னவோ பிரமாதம். அந்த அடர்த்தியைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மேக்கப் இவ்வளவு கச்சிதமாக மூடாது.

"என்ன பெயின்ட் இது?"

"ஆர்ட் ரூம் அக்ரிலிக்தான் மிஸ். நான்-டாக்ஸிக்னு போட்டிருக்கு. பாத்துட்டுத்தான் போட்டோம்."

பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்! அலட்சியமாக எடுத்துப் பூசியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். படித்து, யோசித்து, கவனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே செய்த தப்பு இது.

அவள் பேசும்போதே கன்னத்தில் விரிசல் ஓடியது. இழுக்காதே என்று நான் சொல்வதற்குள், நெற்றி ஓரம் கிளம்பியிருந்த நுனியைப் பிடித்து உரித்துவிட்டாள். பச்சைத் தோல் மாதிரி ஒரு துண்டு, கூடவே சில புருவ முடிகள். அப்புறம் அழுகை. மிச்சத்தை எண்ணெய் தடவி ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தெடுக்க 50 நிமிடம் ஆயிற்று. முகம் சிவந்து தடித்துவிட்டது. மறுநாள் மேக்கப் போட முடியாமல், அட்டையில் வெட்டிய இலை முகமூடியோடு நடித்தாள்.

இந்த ஆண்டில் இது மூன்றாவது முகம். ஓவியம், நாடகம், டிஜிட்டல் மீடியா மூன்று வகுப்புகளையும் நானே எடுக்கிறேன். ஓவிய அறைக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு கதவுதான். பொருள்கள் அந்தக் கதவைத் தாண்டும்போதுதான் பெரும்பாலும் வம்பு.

அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த லேபிளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும்.

'நான்-டாக்ஸிக்' என்பது அந்தப் பொருளின் குணத்துக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. இதைத் தாளிலோ துணியிலோ பூசுகிற பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா, தெரியாத்தனமாகக் கொஞ்சம் வாயில் போனால் ஏதாவது ஆகுமா என்று பார்த்து, ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் கன்னத்தில் காயவிட்டு, மேடை விளக்குச் சூட்டில் வியர்த்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் அதே பதிலை நாமே எழுதிக்கொள்கிறோம். அக்ரிலிக் டப்பாவுக்குள் கெட்டுப்போகாமல் இருக்க ஐசோதயசோலினோன் வகைப் பதப்படுத்திகளைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. பிரஷ் பிடிக்கிறவருக்கு அது பெரும்பாலும் ஒரு விஷயமே இல்லை. தோலில் அப்பிக்கொண்டால் சிலருக்கு ஒவ்வாமை கிளம்பும்.

இன்னொரு வரி இதைவிட மோசமாக ஏமாற்றும். பல ட்யூப்களின் முதுகில் 'ஏஎஸ்டிஎம் டி-4236-க்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் இருக்கும். அமெரிக்காவில் 1988-இல் வந்த சட்டம் ஓவியப் பொருள்களுக்குக் கட்டாயமாக்கிய லேபிள் விதி அது. நாள்பட்ட தீங்கு ஏதும் இருந்தால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். விதிப்படி லேபிள் ஒட்டியிருக்கிறோம் என்று சொல்கிறார்கள், பாதுகாப்பானது என்று சொல்லவில்லை. காட்மியம் என்ற நச்சு உலோகம் உள்ள சிவப்பு ட்யூபிலும் இதே வரி இருக்கும். எச்சரிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளைகள் முதல் வரியைப் படித்து நிம்மதியாகி, இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வட்டத்துக்குள் 'ஏபி' முத்திரை இருந்தால் நச்சியல் வல்லுநர் பார்த்து ஏற்றது, 'சிஎல்' என்றால் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. 'ஏபி' முத்திரையும் முகத்துக்குக் கொடுத்த அனுமதி இல்லை.

(ட்யூபில் 'காட்மியம் ரெட் ஹ்யூ' என்று இருந்தால் அதில் பொதுவாகக் காட்மியமே இருக்காது. அந்த நிறத்துக்கு இன்னொரு நிறமியை வைத்துச் செய்த நகல் அது. பெயரைப் பார்த்துப் பயப்படாமல் பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிஆர்108 என்றால்தான் காட்மியம் சிவப்பு.)

ஒரு பொருள் உடம்புக்குள் எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி. வெள்ளை பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பல பற்பசைகளிலும் இருக்கிறது. அதே பொருளை நுண்தூளாக மூச்சில் இழுப்பது வேறு கதை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற 2பி பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. பிஆர்108-ஐப் பிரஷில் பூசலாம். ஸ்பிரே கன்னில் ஊற்றக்கூடாது, காய்ந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. களிமண் ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் சிலிக்கா தூசி அறை முழுக்கப் பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது!

பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பெயின்ட் பூசிய இளம்பெண்கள் இப்படித்தான் பிரஷைக் கூராக்கினார்கள். பாதிப்பில்லை என்றுதான் அவர்களிடமும் சொல்லியிருந்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்துபோனார்கள். உங்கள் ட்யூபில் ரேடியம் இல்லைதான். கை பழகிவிட்டால் எந்த ட்யூப் என்று பார்க்காது.

"எங்க காலத்துல போஸ்டர் கலர் பூசித்தான் ராஜா வேஷம் போட்டோம், ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு அப்பா சொன்னார். போஸ்டர் கலர் தண்ணீரில் கழுவினால் போய்விடும், அதனால் தப்பித்தீர்கள் சார். அதுவும் முகத்துக்கு என்று செய்ததில்லை.

முகம் மட்டுமல்ல. கைவினை ஜிகினாவைக் கண்ணிமையில் ஒட்டுகிறார்கள். வெட்டிய பிளாஸ்டிக்குக்கு ஓரம் உண்டு, ஒரு துணுக்கு உள்ளே போய் கண்ணைத் தேய்த்தால் கருவிழியில் கீறல். போலித் தாடிக்கு ஸ்பிரிட் கம் என்று தனிப் பசை இருக்கிறது. அதை வாங்க மறந்த ஒரு பையன் சூப்பர் குளூவை எடுத்தான். பஞ்சு, பருத்தித் துணி இவற்றில் சூப்பர் குளூ பட்டால் கொப்புளம் வரும் அளவுக்குச் சூடேறும். பஞ்சுத் தாடியும் சூப்பர் குளூவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, அவன் முதலில் கையில்தான் சோதித்துப் பார்த்தான்.

டிஜிட்டல் மீடியா பிள்ளைகள், எங்களுக்கு என்ன பெயின்டா பசையா என்று சிரிக்க வேண்டாம். நாடகத்தின் பின்திரைக்கு நீங்கள் செய்து தரும் 'மின்னல்' வீடியோ, உங்கள் லேப்டாப்பில் சின்னதாகத்தான் மின்னும். இருட்டு அரங்கில் சுவர் அளவுக்கு அதே மின்னல் வேறு சமாச்சாரம். ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான ஒரு கார்ட்டூனில் சில விநாடிகள் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில், வலிப்பு, தலைசுற்றல் என்று 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. பெரும்பாலும் பிள்ளைகள். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது என்பது இணையதளங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டியில் இருக்கும் அளவு. அதையே பின்பற்றுங்கள். வாசலிலும் ஒரு அறிவிப்பு வையுங்கள்.

சரி, முகத்துக்கு வருவோம்.

முகத்துக்கு என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் முகத்துக்கு. தண்ணீர் தொட்டுப் பூசும் கேக் வகை, கிரீஸ் பெயின்ட், இரண்டும் அதற்கென்றே இருக்கின்றன. அவற்றிலும் சில சிவப்புகளையும் ஒளிரும் நிறங்களையும் கண்ணைச் சுற்றிப் பூசக்கூடாது என்று போட்டிருக்கும். அந்த வரியையும் படியுங்கள். முந்தைய நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். நாடகத்தன்று காலையில் புது டப்பா திறக்காதீர்கள். ஐலைனர், மஸ்காரா யாரோடும் பகிர வேண்டாம். தோழியாக இருந்தாலும் கண்நோய்க்கு அது தெரியாது.

ஏற்கனவே அக்ரிலிக் பூசிவிட்டீர்களா? ஈரமாக இருந்தால் உடனே சோப்பும் தண்ணீரும். காய்ந்துவிட்டால் எண்ணெய், பொறுமை. உரிக்காதீர்கள். தின்னர், டர்பன்டைன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கண்ணுக்குள் போனால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஓடவிட்டு, மருத்துவரிடம் போங்கள். பிள்ளைகளே, திட்டு விழும் என்று பயந்து மறைக்காதீர்கள். திட்டுவேன்தான், ஆனால் எண்ணெய் தடவிவிட்டுத்தான் திட்டுவேன்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது நாடக மேக்கப்பில்தான், ஓவிய அறையில்தான் கலர் இருக்கிறதே என்று. அந்த வரியை அடிக்க விடாதீர்கள். அலமாரிகளையும் பிரித்துவிடுங்கள். எங்கள் அறையில் இப்போது முகத்துக்கு ஆகாத ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் சிவப்புப் பொட்டு இருக்கிறது.

அன்று உரிந்த பச்சைத் துண்டை அவளிடம் கேட்டு வாங்கி, கண்ணாடிக் காகிதத்தில் வைத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். புருவ முடிகள் அதில் அப்படியே இருக்கின்றன. அக்ரிலிக் கேட்டு வருகிறவர்களிடம் அதைக் காட்டிவிட்டு, எதற்கு என்று கேட்கிறேன்.