டார்பன் துள்ளும்போது ராடை ஏன் தாழ்த்துகிறார்கள்?

சேலத்துத் தூண்டில்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் விரால், கெண்டை, ஜிலேபி என்று ஆரம்பித்து மேட்டூர் அணையின் கட்லா வரைக்கும் போவார்கள். கடல் என்பது சாலை வழியே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சமாச்சாரம். ஆனால் போன் கைக்கு வந்த பிறகு, மூக்கனேரிக் கரையில் தக்கையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஃபுளோரிடாவில் டார்பன் பிடிக்கிற வீடியோவை இன்னொரு கண்ணால் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான்: ஆள் உயர மீன் தண்ணீரை விட்டு எகிறுகிற அந்த நேரத்தில், அதுவரை பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று முன்னால் குனிந்து, ராடை, அதாவது தூண்டில் கம்பை, மீன் பக்கமாக நீட்டி, தூண்டில் நரம்பைத் தொய்ய விடுகிறாரே, ஏன்? இங்கே யாராவது விராலுக்கு அப்படி நரம்பைத் தளர்த்தினால் பக்கத்தில் நிற்கிறவரிடம் திட்டு வாங்காமல் தப்ப முடியாது.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். அட்லாண்டிக் டார்பன் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரை, மெக்சிகோ வளைகுடா, கரீபியன், எதிர்ப்பக்கம் மேற்கு ஆப்பிரிக்கா என்று வெதுவெதுப்பான கடலோரங்களில் திரிகிறது. தூண்டிலில் பிடித்ததில் உலக சாதனை 2003-இல் கினி-பிசாவில் கிடைத்தது, ஏறக்குறைய 130 கிலோ. 1885-இல் ஃபுளோரிடாவில் டபிள்யூ. எச். வுட் என்பவர் ராடும் ரீலும் வைத்து ஒரு டார்பனைக் கரைசேர்த்தார். அதற்கு முன்பு இது ஈட்டிக்குத்தான் சரிப்படும், தூண்டிலுக்கு அடங்காது என்றே நினைத்திருந்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

இப்போது துள்ளலுக்கு வருவோம். கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: தண்ணீருக்குள் இருக்கிறவரை நிறைந்த வாளி கனமே தெரியாது, நீர்மட்டத்தைத் தாண்டிய நொடியில் கயிறு கையை வெட்டும். மீனின் உடலடர்த்தி கிட்டத்தட்ட நீரின் அடர்த்திதான், அதனால் அறுபது கிலோ டார்பன் தண்ணீருக்குள் நரம்பின் மேல் தன் எடையை ஏற்றுவதில்லை, நீந்துகிற விசையை மட்டும்தான் ஏற்றுகிறது. காற்றுக்கு வந்துவிட்டால் மிதப்புவிசையும் இல்லை, தலையை ஆட்டும்போது தடுக்கிற நீரும் இல்லை. அது வாயைப் பிளந்து, செவுள் மூடிகள் அடித்துக்கொள்ளத் தலையை இரண்டு பக்கமும் உதறுகிறது. அந்த நேரம் நரம்பு விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு உதறலும் நேராக முள்ளில் போய் விழும், ஒன்று முள் பிடுங்கிக்கொள்ளும், இல்லை நரம்பு போகும். போதாக்குறைக்கு மொத்த உடலும் விறைத்த நரம்பின் மேலேயே திரும்ப வந்து விழலாம். ராடைத் தாழ்த்தி அரை மீட்டர், ஒரு மீட்டர் தொய்வு கொடுத்துவிட்டால் உதறலுக்கு எதிர்ப்பிடி இல்லை, விசை எங்கேயும் சேராது. விழுந்ததும் மறுபடி விறைப்பாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு அங்கே ‘ராஜாவுக்கு வணக்கம் வைப்பது’ என்று பெயர், டார்பனுக்கு வெள்ளி ராஜா என்று பட்டம் இருப்பதால்.

விராலும் துள்ளும்தானே என்றால், துள்ளும். ஆனால் இரண்டு கிலோ மீனுக்கு நம் நரம்பு எந்த நிலையிலும் தாங்கும், முள்ளும் சதையில் நன்றாக ஏறியிருக்கும். டார்பனுக்கு வாய்க்குள் சதை என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. தாடையும் அண்ணமும் எலும்புத் தகடு மாதிரி. முள் குத்த இடம் தேடுவதே பெரும்பாடு என்பதால், உயிர் இரை போடுகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கிள் ஹூக் என்கிற, முனை உள்பக்கமாக வளைந்த முள்ளைப் பயன்படுத்துகிறார்கள். இது வேலை செய்கிற விதம் ரசிக்கத் தக்கது. மீன் இரையை விழுங்கிவிட்டு வேறு பக்கம் திரும்புகிறது, நரம்பு மெதுவாக இறுகுகிறது, முனை உள்ளே பார்த்தபடி இருப்பதால் தொண்டையிலோ வயிற்றிலோ மாட்டாமல் வழுக்கிக்கொண்டே வந்து, வாயின் ஓரத்தை எட்டியதும் அங்கே சுழன்று தானாகக் கவ்விக்கொள்கிறது. எலும்பு வாயில் கொஞ்சம் மெத்தென்ற இடமே அந்த ஓரம்தான். நாம் செய்ய வேண்டியது சும்மா ரீலைச் சுற்றுவது மட்டும். ரப்பர் தவளை போட்டு, விரால் அடித்ததும் ராடை வெட்டி இழுத்துப் பழகிய கைக்கு இது மகா கஷ்டம். வெட்டி இழுத்தால் முள் திரும்ப நேரமே இல்லாமல் வாயை விட்டு வெளியே வந்துவிடும். இன்னொன்று, சொரசொரப்பான அந்தத் தாடையில் உரசி உரசி நரம்பு அறுந்துபோகும் என்பதால் முள்ளுக்கு மேலே 27 முதல் 36 கிலோ தாங்கும் தடித்த ஃபுளோரோகார்பன் நரம்பை ஒரு துண்டு கட்டுகிறார்கள்.

சரி, மீன் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அது தானே வந்து காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் டார்பன் காற்றைக் குடிக்கிற மீன். என் கணக்கில் இந்த மீனின் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்க முடியும், கடல்நீரில் அதைவிடவும் குறைவு. ஒரு லிட்டர் காற்றிலோ ஏறக்குறைய 270 மில்லிகிராம். ஏற்காடு ஏரி குளிர்ச்சியாக இருக்கிறதே, அங்கே நிறையக் கரைந்திருக்குமே என்று தோன்றும். குளிர்ந்த நீர் அதிகம் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் 1,300 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அந்த லாபத்தில் பெரும்பகுதி அடிபட்டுப்போகிறது. எப்படிப் பார்த்தாலும் தண்ணீர் ஏழை, காற்று பணக்காரன். கோடையில் வற்றிக் கலங்கின ஏரியில் மற்ற மீன்கள் செத்து மிதக்க விரால் மட்டும் தாக்குப்பிடிப்பது இதனால்தான். விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கச் செவுளுக்கு மேலே தனி அறை இருக்கிறது. டார்பன் வேறு வழி பிடித்தது: அதன் காற்றுப்பையின் சுவரில் நுரையீரல் போல ரத்தக்குழாய்கள் நிறைந்த திசு இருக்கிறது, மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினால் அது நேரே அங்கே போகிறது. குஞ்சுகள் அலையாத்திக் காடுகளின் தேங்கிய, நாறுகிற நீரில், வேட்டையாடும் பெரிய மீன்கள் நுழையத் தயங்கும் இடங்களில் வளர்வதற்கு இந்த வசதிதான் காரணம். பெரிய மீனும், நல்ல தண்ணீரிலேயே கூட, அடிக்கடி மேலே வந்து முதுகைப் புரட்டிவிட்டுப் போகும். தூண்டில்காரர்கள் அந்தப் புரளலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புரண்ட இடத்திலேயே இரையைப் போட்டால் மிரண்டு ஓடிவிடும். அது போகிற வழிக்கு முன்னால் போட வேண்டும். கீழ்த்தாடை மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிற மீன் இது, தன் கண்மட்டத்திலும் அதற்கு மேலும் இருப்பதைத்தான் எடுக்கும். கீழே போகிற இரை வீண். அப்புறம், இரை மீனை விட்டு விலகி ஓடுவது போல இருக்க வேண்டும். நண்டு தன்னைத் தின்ன வருகிறவனை நோக்கி நீந்துமா என்ன.

மாட்டிய பிறகுதான் காற்றுக்குடியின் இன்னொரு முகம் தெரியும். சாதாரண மீனின் வெள்ளைத் தசை ஆக்ஸிஜன் இல்லாமலே வேகமாக வேலை செய்யும், லாக்டிக் அமிலம் சேரும், சில நிமிடத்தில் சோர்ந்துவிடும். டார்பனும் சோரும், ஆனால் மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு இரண்டாவது ஆட்டத்தை ஆரம்பிக்கும். மெதுவாக, பயந்து பயந்து இழுக்கிறவர் மணிக்கணக்கில் நிற்பது இப்படித்தான்: அவர் கொடுக்கிற ஒவ்வொரு இடைவெளியும் மீனுக்கு மூச்சு. தெரிந்தவர்கள் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு ஓடவிடாமல் ரீல் கொடுக்கிற பிடியை, நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைத்து, விடாமல் இழுக்கிறார்கள். ராடை நட்டமாக நிமிர்த்திப் பிடிப்பது பார்க்க அழகு, ஆனால் அப்போது நீளமான ராடு நெம்புகோலாகி நம் கைக்கு எதிராக வேலை செய்கிறது. தாழ்வாக, பக்கவாட்டில், மீன் இடப்பக்கம் போனால் வலப்பக்கம் இழுத்தால் தலை திரும்பும், தலை போன பக்கம் உடலும் போயாக வேண்டும். காற்றுக்கு மேலே வருகிற நேரத்தில் இப்படி நிலைகுலைய வைத்தால் அந்த மூச்சே தவறும்.

சீக்கிரம் முடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃபுளோரிடாவில் 2013 முதல் டார்பன் பிடித்தால் விட்டுவிடுவதுதான் விதி, சாதனை எடைக்கு என்று தனி அனுமதிச் சீட்டு வாங்கினால் மட்டும் விலக்கு. 40 அங்குலத்தைத் தாண்டிய மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது. தூக்கினால் அத்தனை கிலோ எடையும் உள்ளுறுப்புகளின் மேல் இறங்கும், அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது நீர். களைத்துப்போன மீனை அப்படியே விட்டால் காத்திருப்பது சுறா. ஃபுளோரிடாவின் போகா கிராண்டே போன்ற இடங்களில் கொம்பன் சுறாவும் காளைச் சுறாவும் தூண்டில் படகுகளைச் சுற்றியே திரிகின்றன. அதனால் கீழ்த்தாடையைப் பிடித்து மெல்ல முன்னே நகர்த்தி, செவுளில் நீர் ஓட வைத்து, அதுவே உதறிக்கொண்டு போகும் வரை காத்திருக்கிறார்கள். போராட்டத்தின் நடுவில் சுறா வந்துவிட்டால் நல்ல படகோட்டி நரம்பை வெட்டிவிடச் சொல்வார். பெரிய டார்பன் பெரும்பாலும் பெண். பருவத்துக்கு வரவே பத்து வருடம் போல ஆகிறது. சிகாகோவின் ஷெட் அக்வேரியத்தில் ஒன்று 1935 முதல் 1998 வரை இருந்தது. ஒரு போட்டோவுக்காக அப்படிப்பட்ட மீனைச் சாகடிப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை.

இதெல்லாம் படித்துவிட்டு ஃபுளோரிடாவுக்கு டிக்கெட் பார்க்க வேண்டியதில்லை. இதன் இந்தோ-பசிபிக் உறவுக்கார மீன் நம் கடலோரத்திலும் கழிமுகங்களிலும் உண்டு. அதே பெரிய கண், அதே காற்றுக்குடி, அதே துள்ளல், ஆனால் வழக்கமாகக் கைக்குக் கிடைப்பது முழ நீளம்தான். சேலத்திலிருந்து போகிறவர்கள் தவளையையும் கனமான ராடையும் வீட்டில் வைத்துவிட்டு, லேசான ராடு, சின்ன இறால் வடிவ இரை, மெல்லிய கூர் முள் (கழன்றுவிடாமல் பிடிக்கிற எதிர்க்கொக்கியான மடலை நசுக்கியது), இவ்வளவு எடுத்துக்கொண்டால் போதும். விடிகாலையில் மேல்மட்டத்தில் புரளல் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாத இடத்தில் நாள் முழுக்க வீசிக்கொண்டிருப்பதைவிட அடுத்த வளைவுக்கு நடப்பது நல்லது.