ஜூரி முன்னாய்வு: சொல் விளக்கம்

அமெரிக்க வழக்குகளைப் பற்றிய செய்திகளிலும் கட்டுரைகளிலும் ‘ஜூரி ரிசர்ச்’ என்ற தொடர் அடிக்கடி தென்படுகிறது. ஒரு வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, அந்த வட்டாரத்து மக்களை ஒத்த சிலரை அழைத்து, வழக்கின் சாரத்தை அவர்கள் முன் வைத்து, எந்த வாதம் அவர்களுக்கு விளங்குகிறது, எந்தச் சாட்சியை அவர்கள் நம்ப மறுக்கிறார்கள், எந்தக் கேள்வியில் அவர்கள் மனம் சிக்கிக்கொள்கிறது என்று சோதித்துப் பார்க்கும் முறைக்கு இந்தப் பெயர் வழங்குகிறது. ‘நடுவர் ஆய்வு’ என்று இதைத் தமிழாக்கினால், வழக்கை முடிவு செய்யப்போகும் ஆட்களைப் பற்றித் துப்பறிவது என்ற பொருள் தொனிக்கும். உண்மையில் இங்கே ஆராயப்படுவது வழக்குதான். ஆகவே இதற்கான தமிழ்ச் சொல்லைச் சற்று நிதானமாகத் தேட வேண்டியிருக்கிறது.

‘ஜூரி’ என்ற சொல்லின் வேர், சத்தியம் செய்தல் என்று பொருள்படும் ‘ஜுராரே’ என்ற இலத்தீன் வினை. அது பழைய பிரெஞ்சு வழியாக, நார்மானியர் ஆட்சிக்குப் பின் இங்கிலாந்தின் சட்ட மொழிக்குள் நுழைந்தது. உறுதிமொழி எடுத்துக்கொண்டு தீர்மானம் சொல்லும் குடிமக்கள் என்பதே அதன் அடிப்படைப் பொருள்; அவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. தமிழில் பரவலாக வழங்கும் ‘நடுவர் குழு’ என்ற பெயர் இந்த இடத்தில்தான் இடறுகிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ‘குற்றவியல் நடுவர்’ என்றால் மாஜிஸ்திரேட். பட்டிமன்றத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி நடுவர்கள் உண்டு. ‘அறங்கூறவையம்’ என்பது மதுரைக்காஞ்சியில் வரும் அழகான சொல். விருப்பு வெறுப்பின்றித் துலாக்கோல் போல் நின்ற மதுரை அவையை அது குறிக்கிறது. எனினும் அது அறம் உரைப்பதற்கென்றே அமைந்த சான்றோரின் அவை; தெருவிலிருந்து குலுக்கல் முறையில் அழைக்கப்பட்டு, கடமை முடிந்ததும் வீடு திரும்பும் பன்னிரண்டு பேருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நம்மவர்க்கு ‘ஜூரி’ அந்நியமான சொல்லும் அன்று. 1944இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை தொடர்பான வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னையில் அமர்ந்த ஜூரிதான். அன்று லண்டனில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்ற பின்னர், 1947இல் அவர்கள் விடுதலையானார்கள். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தியாவில் ஜூரி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டாலும் சொல் நிலைத்துவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொள்வதே நேர்மை என்று கருதுகிறேன்.

ஆய்வு என்ற பகுதிக்கு வருவோம். ஜூரியை ஆராயும் முயற்சி முதலில் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழக அறிஞர்கள், நீதிபதியின் அனுமதியுடன், ஆனால் ஜூரர்களுக்குத் தெரியாமல், 1954இல் கன்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் மெய்யான ஜூரியின் இரகசிய உரையாடல்களை ஒலிப்பதிவு செய்தார்கள். விஷயம் வெளியானபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1956இல் அமெரிக்க நாடாளுமன்றம் அத்தகைய பதிவுகளைக் குற்றமாக்கியது. மெய்யான ஜூரியின் கதவு அடைபட்டதும் ஆய்வாளர்கள், சோதனைக்கென்றே அமர்த்தப்படும் மாதிரி ஜூரியின் பக்கம் மேலும் திரும்பினார்கள்.

1972இல் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில், வியட்நாம் போரை எதிர்த்த பாதிரியார் பிலிப் பெரிகனும் தோழர்களும் சதி வழக்கில் நிறுத்தப்பட்டபோது, ஜே ஷுல்மன் உள்ளிட்ட சமூகவியலாளர்கள் அவ்வட்டார மக்களிடம் கருத்தாய்வு நடத்தித் தற்காப்புத் தரப்புக்கு உதவினார்கள். முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விடுவிக்க வேண்டும் என்று நின்றார்கள். இந்த வழக்கால்தான் ஜூரி ஆய்வு நாடறிந்த சொல்லாயிற்று. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் ஆள் தெரிவுக்கான ஆய்வு. எத்தகையவர் ஜூரியில் அமர்ந்தால் நல்லது என்பதே அதன் கேள்வி. எழுவினாக்களை, அதாவது வழக்கில் முடிவு காண வேண்டிய கேள்விகளை, எடைபோடும் ஆய்வு வேறு.

அந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டும் வழக்கு, ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்து, போட்டி நிறுவனமான எம்சிஐ தொடுத்ததாகும். விசாரணைக்கு முன் எம்சிஐ தரப்பு மாதிரி ஜூரிகளை அமர்த்தி வாதங்களைச் சோதித்தது. இழந்த இலாபம் 10 கோடி டாலர் என்று வழக்கறிஞர் தொகையைச் சொன்னபோது, மாதிரி ஜூரி அதே 10 கோடியை இழப்பீடாக அளித்தது. தொகையைச் சொல்லாமல் விட்ட சோதனையில் அது 90 கோடிக்குப் போயிற்று. உதவும் என்று எண்ணிச் சொன்ன எண்ணே ஜூரியின் கையைக் கட்டிப்போட்டிருந்தது என்பது அப்போதுதான் புலப்பட்டது. 1980இல் சிகாகோவில் மெய்யான ஜூரி 60 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. ஏகபோகத் தடைச் சட்டப்படி அது மும்மடங்காகி 180 கோடியாயிற்று. மேல்முறையீட்டில் இந்தத் தொகை நிற்கவில்லை என்பதையும், 1985இல் மறுவிசாரணை செய்த ஜூரி மும்மடங்காக்கிய பிறகும் சுமார் 11.3 கோடியே வரக்கூடிய தொகையைத்தான் அளித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்னாய்வு ஜூரியின் மனத்தைக் காட்டும். மேல்முறையீட்டு நீதிபதிகளின் சட்டப் பார்வையை அது காட்டாது.

இத்தகைய சோதனைகளில் அழைக்கப்பட்டவர்களுக்கு எந்தத் தரப்பு தங்களை அழைத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. ஒரே அலுவலகத்து வழக்கறிஞர்கள் இரு தரப்பாகப் பிரிந்து வாதாடுவார்கள். எதிர்த்தரப்பு வாதம் நோஞ்சானாக இருந்தால் சோதனையே வீண் என்பதால், அதைத் திறமையானவரிடம் ஒப்படைப்பது நல்ல வழக்கம். யார் வென்றார் என்ற கணக்கைவிட, பூட்டிய அறைக்குள் மாதிரி ஜூரர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே விலைமதிப்புள்ளது. ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவைப் பற்றி வழக்கறிஞர் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அவர்களோ, ‘அந்த மேலாளர் ஏன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை?’ என்ற ஒரு கேள்வியையே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரு குழுவின் முடிவை வைத்துத் தீர்ப்பை முன்கூட்டிக் கணிப்பது மட்டும் ஆபத்து. பன்னிரண்டு பேர் ஒரு ஊர் ஆகமாட்டார்கள்.

ஆய்தல் என்ற நம் வினைக்கு இந்த வேலை நன்றாகவே பொருந்துகிறது. கீரை ஆய்கிறவர் அழுகலையும் முற்றிய தண்டையும் நீக்கி வேண்டியதை எடுத்துக்கொள்வதுபோல, இங்கே எழுவினாக்கள் ஆயப்படுகின்றன. ‘எழுவினா’ நம் உரிமையியல் நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கும் சொல். ‘எழுவினாக்கள் வனையப்பட்டன’ என்ற தொடரைத் தீர்ப்புகளில் காணலாம். ஆகவே பொதுப் பெயராக ‘ஜூரி முன்னாய்வு’ என்றும், விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஜூரிவழி எழுவினா முன்னாய்வு’ என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. விசாரணைக்கு முன் அமர்த்தப்படுபவர்கள் ‘மாதிரி ஜூரி’. விசாரணை நடக்கும்போதே பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கேட்டு, அன்றன்று தம் எண்ணத்தைச் சொல்பவர்கள் ‘நிழல் ஜூரி’; 1970களில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்துக்கு எதிரான ஏகபோக வழக்கில் இந்த உத்தி கையாளப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கோரினால் எழுவர் கொண்ட ஜூரி இன்னும் அமரக்கூடிய இலங்கையில் ‘யூரி’ என்றே எழுதுவதால், அங்குள்ள வாசகர்களுக்கு எழுதுபவர்கள் ‘யூரி முன்னாய்வு’ என்று கொள்ளலாம்.