காய்ச்சல் விட்டாச்சு, சரி, காலைப் பார்த்தீர்களா?

காய்ச்சல் விட்ட மறுநாளே மலைக்கு ஏறிவிடுவதுதான் நம் தேயிலைத் தோட்டங்களில் வழக்கம். ஏறாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை, அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹட்டன் பக்கம் கிளினிக் பார்க்கும் எனக்கு, காய்ச்சலோடு வருகிறவர்களைவிட அது விட்டு ஒரு மாதம் கழித்து வருகிறவர்களைப் பற்றித்தான் கவலை அதிகம்.

"கெண்டைக்கால் பிடிச்சிருச்சி டொக்டர், சித்தாலேப தைலம் போட்டு நல்லா தேச்சேன், கேக்கல" என்பார்கள். பார்த்தால் ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். அளவு நாடாவைச் சுற்றினால் மற்றக் காலைவிட 3 சென்டிமீட்டர் கூட. உள்ளே நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம் என்று ஸ்கேனுக்கு அனுப்பத்தான் வேண்டும். தயவுசெய்து அந்தக் காலைத் தேய்க்காதீர்கள். அந்த இரத்தக்கட்டி கழன்று நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு அடுக்குச் செல்கள்தான் இருக்கின்றன. குழாய் இறுகாமலும் இரத்தம் உறையாமலும் பார்த்துக்கொள்வது அவைதான். கொவிட் போன்ற கிருமியும், அதோடு சண்டை போடும் நம் உடம்பின் அழற்சியும் சேர்ந்து அந்த அடுக்கைப் புண்ணாக்கிவிடுகின்றன, காய்ச்சல் விட்டவுடன் அது ஆறிவிடுவதில்லை. சுவீடனில் 2022இல் வெளியான பெரிய ஆய்வில், கொவிட்டுக்குப் பிறகு காலில் இரத்தக்கட்டி வரும் அபாயம் 3 மாதமும் நுரையீரலில் அடைக்கும் அபாயம் 6 மாதமும் கூடுதலாகவே இருந்தது. சாதாரண இன்புளுவென்சாவும் லேசுப்பட்டதல்ல, அது பரிசோதனையில் உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய 6 மடங்கு என்று 2018இல் கனடாவில் கண்டார்கள். அக்கி வந்தவர்களுக்குப் பக்கவாத அபாயம் கொஞ்ச காலம் கூடுவதும் தெரிந்த விஷயம்தான்.

பயப்படச் சொல்லவில்லை, பெரும்பாலானோர் ஒன்றுமில்லாமல் தேறிவிடுகிறார்கள். ஆனால் ஏற்கனவே பிரஷர், சீனி வருத்தம் இருப்பவர்களும் சுருட்டு, பீடி பிடிப்பவர்களும் காய்ச்சலுக்குப் பிறகு ஒருதடவை பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று நிறுத்திய பிரஷர் குளிசையை மறுபடி எப்போது தொடங்குவது என்றும் கேளுங்கள். அப்படியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். வழக்கமாக ஏறும் மேட்டில் திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சை அடைத்தாலோ, குளிருக்கு என்று கோப்பித்தண்ணி குடித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், "இரத்தம் இளகட்டும்" என்று கடையில் டிஸ்பிரின், அதாவது ஆஸ்பிரின், வாங்கி நீங்களாகவே போடாதீர்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் டெங்குவோடு வீடு திரும்புவதுண்டு, டெங்குவில் ஆஸ்பிரின் போட்டால் இரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடும். காய்ச்சலுக்கு பரசிட்டமோல், அதுவும் அளவோடு.