கடைசி இருக்கையும் இரண்டு கோரிக்கைகளும்

பேருந்து முன்பதிவுத் தளம் ஒன்றில் ஒரேயோர் இருக்கை மீதமிருக்கும்போது இருவர் ஏறத்தாழ ஒரே கணத்தில் பதிவுப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கோரிக்கையைக் கவனிக்கும் நிரல் தரவுத்தளத்திலிருந்து 'மீதி 1' என்று படிக்கிறது. அது ஒன்றைக் கழித்து 0 என்று எழுதுவதற்குள் இரண்டாவது கோரிக்கையும் அதே 1-ஐப் படித்துவிடுகிறது. இரண்டுமே 0 என்று எழுத, ஒரே இருக்கைக்கு இரண்டு பயணச்சீட்டுகள் போய்விடுகின்றன. நிரலின் எந்த வரியைத் தனியே படித்தாலும் தவறு தெரியாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவிலுள்ள சில மில்லிநொடிகளில்தான் கோளாறு இருக்கிறது. ஆகவே நம் கணினியில் ஒருவராகச் சோதிக்கும்போது அது தலைகாட்டாமல், பண்டிகைக் கூட்டத்தில் வெளிப்படுகிறது.

ஒருவர் உள்ளே இருக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும் என்ற இந்தத் தேவையை, பல கணினிகளுக்கும் பொருந்தும் கணக்காக வகுத்து அதற்குத் தீர்வையும் 1965-இல் வெளியிட்டவர் நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. இன்றைய நிரல்மொழிகள் பலவற்றிலும் இதற்கென மியூடெக்ஸ் என்ற பூட்டு உண்டு. ஆனால் அது ஒரு நிரலின் நினைவகத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இணையச் செயலியோ பல சர்வர்களில் பல பிரதிகளாக ஓடுவது. ஒரு பிரதி போட்ட பூட்டு அடுத்த பிரதியின் கண்ணுக்கே படாது. எனவே எல்லாப் பிரதிகளும் வந்து சேரும் பொது இடமான தரவுத்தளத்தில்தான் பூட்டு இருக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் இதற்கு 'செலக்ட் ஃபார் அப்டேட்' என்ற கட்டளை பயன்படுகிறது. அது படிக்கும் பதிவை, அதாவது தரவுத்தளத்தில் அந்த விவரம் உள்ள வரியை, படிக்கும்போதே பூட்டிவிடுகிறது. அதே கட்டளையுடன் வரும் இரண்டாவது கோரிக்கை, முதல் கோரிக்கையின் பரிவர்த்தனை (ஒரே தொகுப்பாக நிறைவேறும் கட்டளைகள்) முடியும்வரை காத்திருந்து, பின்னர் புதிய மதிப்பான 0-வைப் படித்து, இடமில்லை என்று சொல்லித் திரும்புகிறது. பல பதிவுகளைத் தொடும் பரிவர்த்தனையில், ஒரு பூட்டை விட்ட பிறகு புதிய பூட்டு எதையும் எடுக்கக் கூடாது என்ற விதியை ஈஸ்வரன், கிரே, லோரி, டிரெய்கர் ஆகிய கணினி ஆய்வாளர்கள் நால்வர் 1976-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார்கள்.

எண்ணிக்கையைக் குறைப்பது மட்டுமே வேலை என்றால் நான் முதலில் நாடுவது இதைவிட எளிய வழியை: 'மீதி 0-க்கு மேல் இருந்தால் மட்டும் 1 கழி' என்று ஒரே அப்டேட் கட்டளையாக எழுதிவிட்டு, எத்தனை பதிவுகள் மாறின என்று பார்ப்பது. பூட்டைத் தரவுத்தளமே போட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு பதிவும் மாறவில்லை என்றால் இருக்கை போய்விட்டது என்று பொருள்.

பூட்டுகள் இரண்டானதும் புதிய சிக்கல் பிறக்கிறது. ஒருவர் 7-ஆம் இருக்கையைப் பூட்டிவிட்டு 8-க்காகவும், மற்றொருவர் 8-ஐப் பூட்டிவிட்டு 7-க்காகவும் காத்திருந்தால் இருவருமே நகர முடியாது. இதற்கு டெட்லாக் என்று பெயர். போஸ்ட்கிரஸ், இயல்பான அமைப்பில், 1 நொடி காத்திருந்த பிறகு இத்தகைய வளையம் உண்டா என்று ஆராய்ந்து, ஒரு பரிவர்த்தனையை ரத்துசெய்துவிடும். ரத்தானதை மீண்டும் முயல்வது செயலியின் பொறுப்பு. இருக்கைகளை எப்போதும் எண் வரிசையிலேயே பூட்டினால் இவ்வளையம் உருவாகவே வழியில்லை.

பயணி பணம் செலுத்தும் நேரத்தைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். அது சில நிமிடங்கள் நீளலாம். அதுவரை தரவுத்தளப் பூட்டைப் பிடித்திருந்தால் இணைப்புகள் தீர்ந்து தளமே திணறிப்போகும். ஆகவே பூட்டை ஒரு கணம் மட்டும் எடுத்து, 'இவருக்காக இந்த நேரம்வரை ஒதுக்கப்பட்டது' என்று இருக்கையின் பதிவிலேயே எழுதி, உடனே விட்டுவிட வேண்டும். பயணி பாதியில் உலாவியை மூடிச் சென்றாலும் கெடு முடிந்ததும் இருக்கை தானாக மற்றவருக்குக் கிடைக்கும். பணம் வந்த செய்தி கெடுவுக்குப் பிறகு வந்து சேரக்கூடும் என்பதால், சீட்டை உறுதிசெய்யும் கட்டளை, ஒதுக்கீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று அந்தக் கணத்திலேயே மீண்டும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.