கல்ட் படம்: தமிழில் எப்படிச் சொல்வது?

தண்டையார்பேட்டை டீக்கடையில் ஒருவர் ‘அது கல்ட்டுப்பா’ என்றால் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வந்தபோது ஓடியதா, ஊத்திக்கொண்டதா என்பது பொருட்டில்லை. ஒரு கூட்டம் அந்தப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளி விழா கொண்டாடிய படத்துக்குக்கூட இந்தப் பேர் கிடைக்காமல் போகலாம்.

‘கல்ட்’ என்ற சொல்லின் வேர், லத்தீனின் ‘கோலெரே’. நிலத்தைப் பண்படுத்துவது, ஓரிடத்தில் குடியிருப்பது, தெய்வத்தை வணங்குவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைதான். கல்ச்சர், காலனி இரண்டும் அதில் கிளைத்தவை. ‘கல்ட்’ மட்டும் ஆங்கிலத்தில் வழிபாடு என்று சுருங்கி, அப்புறம் மூடிய மதக்குழு என்ற ஏச்சு வாடையும் ஏறியது. 1970களில் அமெரிக்க நள்ளிரவுக் காட்சிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்த ரசிகர்களால் சினிமாவோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில் சிலர் ‘வழிபாட்டுத் திரைப்படம்’ என்று எழுதுகிறார்கள். படித்ததும் வேப்பிலையோடு அம்மன் படம்தான் கண்முன் வருகிறது.

நம்மிடம் ‘பேணு’ இருக்கிறது. ‘தற்கொண்டாற் பேணி’ என்கிற குறளில் அது கவனித்துக்கொள்வது. காப்பது, மதிப்பது, விரும்புவது, வழிபடுவது என்று அகராதி இன்னும் விரிக்கிறது. ‘கோலெரே’ நடந்த அதே தடம். அதனால் ‘பேணுபடம்’ என்பேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: பேணிய, பேணுகிற, பேணும் படம் மூன்றும் உள்ளே அடக்கம்.

இந்தச் சொல் எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு ‘மெட்ரோபோலிஸ்’ கதை போதும். 1927இல் பெர்லினில் வெளியான ஜெர்மன் அறிவியல் புனைவுப் படம். வெளியான கையோடு கால்வாசியை வெட்டிவிட்டார்கள். வெட்டாத பிரதி ஒன்று அர்ஜென்டினாவுக்குப் போய், ஒரு விமர்சகரின் சேகரிப்பில் தங்கியது. பின்னாளில் அங்கே திரைப்பட மன்றம் ஒன்றில் அதை ஓட்டியபோது பிலிம் துள்ள, இரண்டரை மணி நேரம் புரொஜெக்டரில் விரலால் அழுத்திக்கொண்டே நின்றதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். ராயபுரத்தில் புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த ஆபரேட்டர் யாருக்கும் இது உடனே புரியும். அவ்வளவு நேரம் என்றால் படம் முழுசாக இருக்கவேண்டுமே! அந்தப் பேச்சும் ஒரு துப்பாக, 2008இல் புவெனோஸ் ஐரெஸ் அருங்காட்சியகத்தில் அதன் 16 மி.மீ. நகல் அகப்பட்டது. 2010இல் மீட்டமைத்துத் திரையிட்டார்கள். அந்த நகலிலிருந்து எடுத்த காட்சிகளில் கீறல் அப்படியே தெரிகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

நம் பக்கம் 1963இல் ‘கலை அரசி’ வந்தது. கலையில் பின்தங்கிய வேற்றுக்கிரகத்தார் பானுமதியைக் கடத்திப் போக, எம்.ஜி.ஆர். அங்கேயே போய் மீட்கிற கதை. எம்.ஜி.ஆர். படத்தை எத்தனை முறை போட்டாலும் பார்க்க வடசென்னையில் ஆள் உண்டு. ஆனால் பிலிமுக்கு ரசிகர் மட்டும் போதாது. காசிமேட்டுப் பக்கத்து ஈரக்காற்றும் வெக்கையும் பட்டால் அசிடேட் பிலிம் சிதைந்து காடி வாடை அடிக்கும், சுருங்கும், வளையும். குளிரான, உலர்ந்த அறை வேண்டும். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரே 2020இல் மூடிய பிறகு, பழைய பிலிம் பெட்டிகளை யார் வைத்துக் காப்பது?

எழுதும்போது ஒன்று: பிலிமை அறையில் காப்பது ‘பாதுகாப்பு’, கெட்டதைச் சரிசெய்வது ‘மீட்டமைப்பு’. ரசிகர் கூட்டம் கைவிடாத படத்துக்கு மட்டும் ‘பேணுபடம்’. போன வாரம் வந்த படத்துக்குப் போஸ்டரில் அதைப் போடாதீர்கள்.