தோல் அட்டைக்குள் எத்தனை படங்கள் மிச்சம்? இங்கிலாந்தின் பழைய கவுண்டி வரலாற்று நூல்களை வாங்குவோர் கவனத்திற்கு

இங்கிலாந்தின் கவுண்டிகளுக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிகளுக்கு, தனித்தனியாக வரலாறு எழுதும் வழக்கம், வில்லியம் லம்பார்ட் 1576இல் கென்ட் பகுதியைப் பற்றி வெளியிட்ட நூலோடு தொடங்குகிறது. அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக, நிலக்கிழார்களும் பாதிரியார்களும் வழக்கறிஞர்களும் தங்கள் கவுண்டியின் ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எந்தத் தேவாலயத்தில் யாருடைய கல்லறைக் கல்வெட்டு இருக்கிறது, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தது என்பதையெல்லாம் தொகுத்து, பெரும்பாலும் ஃபோலியோ எனப்படும் பெரிய அளவில் அச்சிட்டார்கள். செலவு மிகுந்த வேலை என்பதால் பல நூல்கள் சந்தாதாரர்களின் முன்பணத்தை நம்பியே வெளிவந்தன. தன் மாளிகையின் படம் இடம்பெற வேண்டும் என்று விரும்பிய கனவான்கள், அதைச் செப்புத் தகட்டில் செதுக்கும் செலவையும் ஏற்றதுண்டு. இன்று இந்நூல்களின் விலையில் பெரும்பங்கு அந்தப் படங்களையும் வரைபடங்களையும் பொறுத்தே அமைகிறது.

பழைய நூல்களைச் செப்பனிடுவதும், விற்பனைக்கு வருபவற்றைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துத் தருவதும் என் தொழில். புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்கள் நூலைக் கொண்டுவந்ததும் முதலில் காட்டுவது அட்டையின் கிழிசலைத்தான். முதுகு பிய்ந்த நூலுக்குப் புதிய தோல் இட்டு ஆண்டுக்கணக்கில் நிற்கும்படி செய்துவிடலாம். உள்ளே ஒரு வரைபடம் போயிருந்தால் என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

படங்கள் எப்படிப் போகின்றன என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பிரிட்டனை விவரிக்கும் வில்லியம் கேம்டனின் பிரிட்டானியா என்ற நூலை எட்மண்ட் கிப்சன் 1695இல் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பாகப் பதிப்பித்தபோது, ராபர்ட் மார்டன் வரைந்த கவுண்டி வரைபடங்களும் சேர்ந்து வந்தன. தன் ஊர் இருக்கும் கவுண்டியின் வரைபடத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்புவோர் எங்கும் உண்டு. ஆகவே நூலைப் பிரித்து வரைபடங்களைத் தனித்தனியாக விற்றால், முழு நூலின் விலையைவிடக் கூடுதலாகத் தேறுகிறது. மிஞ்சும் எழுத்துப் பகுதி குப்பைக்குப் போகிறது. டக்டேலின் 1656ஆம் ஆண்டு வாரிக்‌ஷயர் நூலில் ஹாலர் செதுக்கிய படங்களும், ராபர்ட் அட்கின்ஸின் 1712ஆம் ஆண்டு குளோஸ்டர்ஷயர் நூலில் கிப் செதுக்கிய மாளிகைக் காட்சிகளும் இதே வழியில் சிதறின. சட்டத்துக்குப் புறம்பான செயல் அல்ல இது. உரிமையாளர் தன் சொத்தைக் கூறுபோடுகிறார், அவ்வளவே. ஆனால் தனிப்படம் ஒன்றை வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த நூல் பிரிக்கப்படுவதற்கு விலை கொடுக்கிறார் என்பதே என் கருத்து.

வாங்கும் முன் சரிபார்ப்பதற்குச் சில வழிகள் உண்டு. பல நூல்களில், குறிப்பாக 18ஆம் நூற்றாண்டுக்குரியவற்றில், எந்தப் படம் எந்தப் பக்கத்துக்கு எதிரே வர வேண்டும் என்று பைண்டருக்குச் சொல்லும் அச்சிட்ட பட்டியல் முன்பகுதியிலோ கடைசியிலோ இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் எண்ண வேண்டும். பட்டியல் இல்லாவிடில், பெரிய நூலகத்தின் விவரப் பதிவோடு ஒப்பிடலாம். இணையத்தில் கிடைக்கும் எண்ணிமப் பிரதியை மட்டும் நம்புவது ஆபத்து. மடித்து வைக்கப்பட்ட பெரிய படங்களை விரிக்காமலேயே படியெடுத்திருப்பதை அங்கே அடிக்கடி காணலாம். அடுத்ததாக, செப்புத் தகட்டு அச்சின் தடித்த மை காலப்போக்கில் எதிர்ப்பக்கத்தில் பழுப்பு நிழலாகப் படியும். ஒரு பக்கத்தில் மாளிகையின் நிழல் தெரிந்து, மாளிகை மட்டும் இல்லையென்றால், அதை யாரோ எடுத்திருக்கிறார்கள். தையலருகே ஒட்டிக்கொண்டிருக்கும் காகிதத் துண்டையும் பார்க்க வேண்டும். படத்தைத் தாங்குவதற்காகப் பைண்டரே விட்ட பட்டை பழுப்பேறியிருக்கும், அண்மையில் வெட்டியதன் விளிம்போ வெளுப்பாக இருக்கும்.

எழுத்துப் பக்கங்களைச் சரிபார்க்கும்போது பக்க எண்ணை நம்ப வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு அச்சகங்களில் அது அடிக்கடி தாவும், சில வேளை திரும்பவும் வரும். நம் அச்சகத்தார் ஃபாரம் என்று சொல்லும் மடிப்புத் தாள் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆங்கில அகரவரிசையில் ஓர் எழுத்து இடப்பட்டிருக்கும். அந்த வரிசை அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்பதே சரியான முறை. அந்த வரிசையில் 23 எழுத்துகளே உண்டு. ஐ, ஜே இரண்டுக்கும் ஒரே இடம், யூ, வீ இரண்டுக்கும் ஒரே இடம், டபிள்யூ கிடையாது. இது தெரியாமல், மூன்று தாள்கள் குறைவு என்று நல்ல நூலைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

படம் கூடுதலாக இருப்பதும் முழுமைக்குச் சான்று அல்ல. ஜேம்ஸ் கிரேஞ்சர் 1769இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலைத் தொடர்ந்து, பிற நூல்களிலிருந்து வெட்டிய படங்களைத் தன் பிரதியில் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் மோகம் பரவியது. அப்படிப் பருத்த பிரதியில் நூறு படங்கள் மிகையாக இருக்கலாம், அசலில் இருக்க வேண்டிய இரண்டு இல்லாமலும் இருக்கலாம். இரண்டு குறைப் பிரதிகளைச் சேர்த்து ஒரு முழுப் பிரதியாக்கியவையும் உண்டு. தாளின் அளவும் நிறமும் நடுவில் மாறினால் ஐயப்பட வேண்டும். வெண்மையாக, துணிபோல் துவளும் தாள், கறை போக்க வேதிக்கரைசலில் கழுவப்பட்டதாக இருக்கக்கூடும். இவையெல்லாம் விற்பவர் விவரத்தில் சொல்லப்பட்டிருந்தால் தவறில்லை. சொல்லாமல் விடுவதே தவறு.

சில நூல்கள் அச்சான உடனேயே அரிதாகிவிட்டன. 1713 ஜனவரியில் லண்டனில் வில்லியம் பவ்யரின் அச்சகம் எரிந்தபோது அட்கின்ஸ் நூலின் பிரதிகள் பல அழிந்தன. 1808 பிப்ரவரியில் ஜான் நிக்கல்ஸின் அச்சகத்தில் பற்றிய தீ, அவரே எழுதிய லெஸ்டர்ஷயர் வரலாற்றின் இருப்பையும், ஹட்சின்ஸின் டார்செட் வரலாற்று இரண்டாம் பதிப்பின் இருப்பையும் தின்றது. அத்தகைய பல தொகுதி நூல்கள் வெவ்வேறு பிரதிகளிலிருந்து சேர்க்கப்பட்டிருப்பது இயல்பு என்பதால், ஒவ்வொரு தொகுதியையும் தனி நூலாகக் கருதிச் சரிபார்க்க வேண்டும். பதிப்பைக் கவனிப்பதும் அவசியம். எட்வர்ட் ஹேஸ்டட்டின் கென்ட் வரலாறு 1778 முதல் 1799 வரை நான்கு ஃபோலியோ தொகுதிகளாக வந்தது. 1797 முதல் 1801 வரை, அவர் கடனுக்காகச் சிறையில் இருந்த காலத்தில், சிறிய அளவில் 12 தொகுதிகளாக வந்தது. இரண்டும் ஒரே நூல் அல்ல. செல்போர்ன் என்ற ஊரைப் பற்றி கில்பர்ட் வைட் 1789இல் வெளியிட்ட நூலின் பிற்காலப் பதிப்புகள் பலவற்றில், அவ்வூரின் பழமையைப் பேசும் பகுதியே விடப்பட்டுள்ளது.

குறையுள்ள தன் பிரதிக்குப் பக்கம் தேடுபவரின் ஆசை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஒரு வழக்கே உண்டு. மேற்காசியாவைப் பற்றிய பழைய நூல்களின் பக்கங்களைப் பிரிட்டிஷ் நூலகத்திலும் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்திலும் வெட்டியெடுத்த செல்வந்தச் சேகரிப்பாளர் ஒருவர் 2009இல் சிறை சென்றார். தனிப்பக்கமோ தனிப்படமோ வாங்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். நூலக முத்திரை இருந்தால், நூலகம் அதைத் தன் இருப்பிலிருந்து விலக்கிவிட்டதற்கான முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுரண்டிய முத்திரை, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். பழம்புத்தக விற்பனையாளர்களின் சர்வதேச அமைப்பு, காணாமல் போன நூல்களின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது.

பராமரிப்பைப் பற்றி இரண்டொரு சொல். செம்பொடியாக உதிரும் தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள். அது கறுத்துப் பிசுபிசுக்கும். செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகளில் ஆர்சனிக் இருக்கலாம் என்பதால், அவற்றைக் கையுறையோடு தொட்டு, தனி உறையில் வைக்க வேண்டும்.

லண்டனில் வாழும் தமிழர்கள் தொடங்குவதற்கு டேனியல் லைசன்ஸ் 1792 முதல் 1796 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட லண்டன் சுற்றுப்புற ஊர்களின் வரலாற்றை நான் சொல்வதுண்டு. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், விம்பிள்டன் ஆகியவை அதில் ஊர்களாகவே இருக்கின்றன. படங்கள் சில குறைந்த பிரதி கிடைத்து, அக்குறை விலையிலும் விற்பனைச் சீட்டிலும் நேர்மையாகக் காட்டப்பட்டிருந்தால், தாராளமாக வாங்கலாம். எந்தெந்தப் படங்கள் இல்லை என்பதை மட்டும் பென்சிலால் எழுதி, ஒரு தனிச்சீட்டாக நூலினுள் வைத்துவிடுங்கள்.