நோம்பி, நோன்பு, உபவாசம்

கொங்கு நாட்டில் பண்டிகைக்கு நோம்பி என்று பெயர். தீபாவளி நோம்பி, மாரியாத்தா நோம்பி. "நோம்பிக்கு வர்றீங்கள்ல?" என்றுதான் கேட்பார்கள். புதுத்துணியும் பலகாரமுமான நாளைப் பட்டினிச் சொல்லால் அழைப்பானேன் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். நோம்பி நோன்பிலிருந்து வந்ததுதான். ஆனால் நோன்பு என்ற சொல்லுக்கு வேரிலேயே பட்டினி என்ற பொருள் கிடையாது.

வேர்ச்சொல் நோல். பொறுத்தல், தாங்குதல் என்று பொருள். தவத்துக்கு இலக்கணம் சொல்லும் 261ஆம் குறள் "உற்றநோய் நோன்றல்" என்று தொடங்குகிறது. வந்த துன்பத்தைப் பொறு, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதே என்பதோடு முடிகிறது. சோற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. 160ஆம் குறள், உண்ணாமல் நோற்பவர் பெரியவர்தான், ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்தபடிதான் என்கிறது. தெலுங்கு நோமு, மலையாள நோம்பு எல்லாம் இதே குடும்பம்.

மாரியாத்தா நோம்பி சாட்டி (அறிவித்து), கோயில் முன்னே கம்பம் என்னும் மரத்தை நட்ட ஊரில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள். பெண்கள் விடியலில் குளித்து, ஈரச்சேலையோடு, மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட குடத்தைச் சுமந்துபோய்க் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். அதுவரை பலருக்குப் பச்சைத்தண்ணீர்கூட இல்லை. வயிறு காலியானால் எரிச்சல் முந்திக்கொண்டு வரும். அது எழுவதைப் பார்த்து, வாய்க்கு வருமுன் நிறுத்துகிற கணத்தைத்தான் நான் நோன்பு என்பேன். விழிப்பும் அங்கேதான் பிறக்கிறது.

உபவாசம் வடசொல். உப, அருகே, வாசம், தங்குதல். கடவுளுக்கு அருகே இருப்பது என்று சொற்பொழிவுகளில் விளக்குவார்கள். வேள்வி முறைகளை விளக்கும் பழைய வேத நூலான சதபத பிராமணம் தரும் விளக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும்: வேள்விக்கு முந்தின நாளே தேவர்கள் வந்து வீட்டில் தங்கிவிடுகிறார்கள், விருந்தாளி உண்ணாதபோது வீட்டுக்காரன் முதலில் உண்பது முறையல்ல. பௌத்தர்களின் நோன்பு நாளான உபோசதமும் இதே சொல்வழி வந்ததுதான். புரட்டாசிச் சனிக்கிழமை இலை போட்டுப் படைத்து, கூரைமேல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் நம் வீடுகளில் கை நனைப்பார்கள். அதற்குள்ளும் இந்த விருந்து முறை இருக்கிறது.

சரி, எந்தச் சொல்லைப் புழங்குவது? முழுநாளும் உண்ணாமல் இருந்தால் உண்ணாநோன்பு. உண்ணாவிரதம் பாதி வடமொழி; போராட்டப் பந்தலோடும் ஒட்டிக்கொண்டது. உயிர் பிரியும்வரை உண்ணாதிருப்பது வடக்கிருத்தல்; சமணர்களின் சல்லேகனை இதற்கு நெருங்கியது. கங்க மன்னர்களின் அமைச்சரான சாமுண்டராயரின் தங்கை புளியப்பை அவ்வாறு உயிர்நீத்த இடம் நம் கொங்கு நாட்டு விஜயமங்கலம். பட்டினி என்பது சோறு இல்லாத நிலை. அதை நோன்போடு சேர்க்கவே கூடாது.

ஒருவேளை மட்டும் லேசாகச் சாப்பிடுவதை "இன்னிக்கு ஒருசந்திங்க" என்பார்கள். சந்தி வடசொல். தமிழில் ஒருபொழுது. அதுவும் ஊரில் புழங்குகிற சொல்தான், புதிதாக ஆக்கத் தேவையில்லை. கோயில் அழைப்பிதழில் உபவாசம் என்று அச்சடிக்கும் இடத்தில் அதையே போடலாம்.